நாலு தேசிக்காயும் எட்டுச் சிலிண்டரும்

மகள் போன மாதம் மின்சாரக் கார் ஒன்று வாங்கினாள். வெள்ளை நிறம், சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுப்பு. ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதே எனக்குத் தெரியவில்லை. தபால்காரர் வந்தால்கூட இதைவிடச் சத்தம் கேட்கும். "அப்பா, கம் அண்ட் சிட்" என்றாள். ஏறி இருந்தேன். முன்னால் ஒரு பெரிய திரை. அதில் எதையோ விரலால் தட்டினாள். அவ்வளவுதான், எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று எங்கள் காலடியில் உறுமத் தொடங்கியது.

நான் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், உறுமியது எஞ்சின் அல்ல, கதவுக்குள் இருந்த ஸ்பீக்கர். திரையில் 'அமெரிக்கன் மசில்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேறு தெரிவுகளும் இருந்தன: விண்கலம், நீராவி ரயில், மழைக்காடு.

"நல்லா இருக்கா அப்பா?"

"நிப்பாட்டு."

"இட்ஸ் ஜஸ்ட் எ சவுண்ட், அப்பா."

ஜஸ்ட் எ சவுண்டாம்! பக்கத்து வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்க்குமளவுக்குக் கத்திவிட்டேன். அந்தச் சத்தத்துக்காக நாங்கள் வாங்கிய ஏச்சுப் பேச்சு என்ன, கவுன்சிலில் இருந்து வந்த கடிதங்கள் என்ன, இன்றைக்கு அதை மழைக்காட்டுக்கு மேலே ஒரு வரியில் எழுதி விற்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இறங்கி, கதவை அடித்துச் சாத்தினேன். கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. மனிதன் கோபப்படுவதற்குக்கூட உதவாத கார்.

சரி, சத்தத்தை ஸ்பீக்கரில் அடைத்துவிட்டார்கள், மணத்தை என்ன செய்வார்கள்? குளிரில் ஒரு பழைய பெரிய எஞ்சினை எழுப்பும்போது எரிந்தும் எரியாத பெற்றோலின் மணம் ஒன்று வருமே, அதைச் சொல்கிறேன். தொண்டையில் ஒட்டும், கம்பளிச் சட்டையில் மூன்று நாள் நிற்கும். அது உடம்புக்குக் கூடாது என்று எனக்கும் தெரியும். உங்களுக்குப் பிடித்த மணங்கள் எல்லாம் உடம்புக்கு நல்லவையா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அந்த மணம் எனக்குப் பழக்கமானது பார்க்கிங்கில். கிழக்கு லண்டனில் இருக்கிற ஊரைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், வந்த புதிதில், 'பார்க்கிங்கில் வேலை செய்கிறேன்' என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். இவ்வளவு படித்த பிள்ளை லண்டனுக்குப் போய்க் கார் நிறுத்துமிடத்தில் காவல் நிற்கிறானே என்று அவர் அயலட்டை எல்லாம் சொல்லி அழுதாராம். உண்மையில் என் வேலை அதைவிட ஒரு படி கீழே. ரயில் பாலத்தின் அடியில் வளைவு ஒன்றுக்குள் இருந்த கராஜில் ரயர் கழற்றிப் பூட்டுவது. மேலே ரயில் போகும்போதெல்லாம் கூரையிலிருந்து கரி உதிர்ந்து தேநீருக்குள் விழும். அதையும் குடித்தோம்.

ஒரு நாள் மத்தியானம் மேலே ரயில் எதுவும் போகாமலே கரி உதிர்ந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். மங்கிய சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுகளோடு, ஒரு குடும்பமே சுற்றியிருந்து சாப்பிடக்கூடிய நீளத்தில் பொனற் வைத்த ஒரு கார் வாசலில் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இடப்பக்கத்தில் ஒரு தமிழர். பின் சீற்றில் ஒரு சூட்கேஸும் சோறு அவிக்கும் மின்சாரப் பானையும்.

"தம்பி தமிழோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"அப்ப நல்லது. இதுக்கு ஒரு ரயர் வேணும். இஞ்சை ஒருத்தரிட்டையும் இல்லையாம். விசர்க் கதை கதைக்கிறாங்கள்."

குணம் அண்ணை அப்படித்தான் என் வாழ்க்கைக்குள் வந்தார். ஒன்பது வருடம் ஜேர்மனியில், அமெரிக்க இராணுவ முகாம் ஒன்று இருந்த சின்ன ஊரில், சிப்பாய்களின் கார்களைக் கழுவித் திருத்திப் பிழைத்தவர். முகாமை மூடி எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டபோது, காரைக் கப்பலில் ஏற்ற வழியில்லாத ஒரு சிப்பாய் அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். தலையில் கட்டியது என்பது மற்றவர்கள் சொன்னது. அண்ணையைக் கேட்டால், கன்னிகாதானம் செய்து தந்தது போல் சொல்வார். காரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் கொம்பனி இதற்கும் ஒரு பட்டன் செய்து விற்கும்.

அந்தக் காரில் அப்படி என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஆட்களும் அதைத்தான் கேட்டார்கள். குடும்பம் ஏற முடியாது, சாமான் ஏற்ற முடியாது, வளைவில் திரும்பாது, பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கும். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விசா என்று ஒரு கடிதம் போடுவோம். பதினெட்டு மாதம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு பதில் வரும், அது பதிலா இல்லையா என்று கேட்க ஒரு வக்கீலிடம் போக வேண்டும். எதைத் தட்டினாலும் எதுவும் அசையாத நாட்கள் அவை. இந்தக் காரில் காலை வைத்தால் அந்தக் கணமே பதில் வரும், அதுவும் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் கீழே நிலம் தெரியும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக் கையால் தொடலாம். அமெரிக்கா மீது எங்களுக்கு ஒரு மோகமும் இல்லை. ஒளிக்காமல் பதில் சொல்கிற ஒரு பொருள் எங்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

மகளின் காரில் பொனற்றைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே பை வைக்கலாமாம்.

இடப்பக்க ஸ்டியரிங்கால் அண்ணைக்கு ஒரு தொல்லை. முன்னால் லொறி போனால், எதிரே வருவது அவருக்குத் தெரியாது. வலப்பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ரயர் பூட்டிய கையோடு அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. "வருதோ?" என்பார். நான் தலையை நீட்டிப் பார்த்து, "ஒண்டும் வரேல்லை அண்ணை, எடுங்கோ" என்பேன். எடுப்பார். முதுகு சீற்றில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனைச் சுற்றி இப்படியே ஓடினோம். இந்த இரண்டு வசனத்தைத் தவிர வேறெதுவும் பேசாமல் போய்த் திரும்பிய நாட்கள் உண்டு.

ஒருமுறை பொலிஸ் மறித்தது. மறிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பொலிஸ்காரர் வழக்கப்படி வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டி என்னிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். என் மடியில் மட்டன் ரோல்ஸ் பை, கையில் பாதி ரோல். நான் நிறுத்த முடியாது என்று கையைக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது. என் லைசென்ஸைக் கேட்டார். இல்லை என்றேன், உண்மையாகவே இல்லை. "அண்ணை, நீங்களே சொல்லுங்கோ" என்று நான் திரும்பியபோதுதான் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் கண்டார். அதற்குப் பிறகும் சத்தத்துக்காக ஓர் அபராதத் துண்டு எழுதித்தான் தந்தார். சிரித்துக்கொண்டாவது தந்திருக்கலாம்.

இப்போது அண்ணையின் கொப்பிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அதைச் சுற்றிக்கொண்டிருந்ததே அதற்குப் பயந்துதான்.

ஜேர்மனியில் அண்ணைக்குத் தொற்றிய பழக்கம் ஒன்று. "எழுதாத வேலை செய்யாத வேலை" என்பார். காருக்கென்று கறுப்பு மட்டை போட்ட கொப்பி வைத்திருந்தார். எண்ணெய் மாற்றினால் எழுத வேண்டும், பிளக் துடைத்தால் எழுத வேண்டும். கையெழுத்து அழகு என்று எழுதும் வேலையை என்னிடம் தந்தார். நான் இங்கிலீசில் எழுத, ஒவ்வொரு வரிக்கும் கீழே அவர் கையெழுத்து வைப்பார்.

வாங்கிய வாகனத்துக்குப் பூசை செய்யாமல் விடுவோமா? விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் பொனற்றில் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்குக் கீழும் நாலு தேசிக்காய் வைத்து, மெதுவாக முன்னால் எடுக்கச் சொன்னார். மெதுவாக என்ற சொல் அந்தக் காருக்குத் தெரியாது. முன் சில்லுகள் இரண்டும் ஒழுங்காக நசித்தன. பின் சில்லில் இருந்த ஒன்று நசியாமல் வழுக்கிப் பறந்து ஐயரின் செம்பில் 'டங்' என்று பட்டது. "பிள்ளையாருக்கு விளையாட்டு" என்றார் ஐயர், பெருந்தன்மையாக. திரும்பி வந்ததும் அண்ணை கொப்பியை நீட்டினார்.

"எழுது. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சது."

"இதையுமோ?"

"செய்த வேலைதானே?"

தேசிக்காய்க்குச் சரியான இங்கிலீஸ் சொல் லைம். எனக்கு அன்றைக்கு வாயில் வந்தது லெமன். 'லெமன், ஃபோர் வீல்ஸ்' என்று எழுதினேன். அண்ணை ஒரு கணம் பார்த்தார், சிரித்தார், கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும், ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் ஒரு பூசை; ஒவ்வொரு பூசைக்கும் கொப்பியில் ஒரு லெமன்.

நாலாவது வருடம், கராஜ் வளைவுக்கு வெளியே நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தில் ஒரு லொறி பின்னுக்கு வந்து ஏறியது. பெரிய அழிவில்லை. ஒரு மூலை நசிந்து, ஒரு விளக்கு உடைந்து, பின் அச்சுக் கொஞ்சம் விலகியது. லொறிக்காரர் பிழையை ஒத்துக்கொண்டார். அவருடைய இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். அண்ணைக்கு அன்று பாண் சுடும் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். நான்தான் நின்றேன்.

மனிதர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பராமரிப்புக்கு ஏதாவது பதிவு உண்டா என்று கேட்டார். நான் பெருமையோடு கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். முன்னே போனார், பின்னே வந்தார்.

"லெமன்?" என்றார்.

"யெஸ் சேர்."

"இது யார் எழுதியது?"

"நான்தான் சேர். எவ்ரி இயர், லெமன்."

"தி ஹோல் கார்?"

"ஃபோர் வீல்ஸ் சேர். ஃபுல் லெமன்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். எங்கள் சமயத்தில் அக்கறை கொண்டுவிட்டார் என்று நினைத்து, எஞ்சினுக்கும் அதனால் மிகவும் நல்லது என்று சேர்த்துச் சொன்னேன். கை கொடுத்துவிட்டுப் போனார்.

கடிதம் வந்தது, கூடவே ஒரு படிவம். அண்ணை வளைவுக்குள் நின்று, "என்னவாம்?" என்றார். அதில் சால்வேஜ் என்று ஒரு சொல் இருந்தது. சட்டைப் பையிலிருந்த சின்ன அகராதியைப் பார்த்தேன். 'அழிவிலிருந்து மீட்டல்' என்று போட்டிருந்தது. "அண்ணை, காரைக் கொண்டுபோய்க் காப்பாத்துவினமாம்" என்றேன். என்ன சந்தோஷத்தோடு சொன்னேன் தெரியுமா! அவர் கையெழுத்து வைத்தார். தூக்கிப் போக வண்டி வந்த அன்று காலை காரைக் கழுவித் துடைத்து, பொனற்றில் திருநீறு பூசி, வண்டிக்காரனிடம் பள்ளங்களில் கவனம் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று கிழமை பொறுத்துவிட்டு நான் தொலைபேசி எடுத்தேன். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கத்துப் பெண் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது நசித்தாயிற்று என்றாள். நசித்தாயிற்று. தேசிக்காய்க்குச் சொல்கிற அதே சொல். இன்சூரன்ஸ் பாஷையில் சால்வேஜ் என்றால் கழித்துவிட்ட வாகனமாம்; திருத்துவதற்குத் தகுதியில்லாத கார், உரிமையாளரின் பதிவுப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது என்றும் சொன்னாள். ஓடாத மக்கர் காரை இந்த நாட்டில் லெமன் என்பார்கள் என்று அன்று பின்னேரம் கராஜ் முதலாளி எனக்கு விளங்கப்படுத்தினார். சிரித்தபடிதான் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணையிடம், "நசிச்சுப் போட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னேன். லெமன் கதையைச் சொல்லவில்லை. அவர் கார் நின்ற இடத்தில் போய் நின்றார். நிலத்தில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது, அதைச் சப்பாத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஷிப்டுக்குப் போனார்.

முப்பது வருடம் நான் இதை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். கலியாண வீடுகளில் அவரைக் காணும்போது பந்தியில் தூரமாகப் போய் உட்கார்ந்தேன். என்னை நான் திட்டியதற்குக் கணக்கில்லை. ஆனால் என்னை மட்டும் திட்டினால் போதுமா? போன கோடையில் லண்டனில் பழைய கார்க் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். எங்கள் காரின் கூடப்பிறந்தது ஒன்று நின்றது. சுற்றிவரக் கயிறு. 'தொடாதீர்கள்' என்று பலகை. பக்கத்தில் மடக்குக் கதிரையில் ஒரு கனவான், பாரம்பரியம் பற்றி எல்லோருக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எஞ்சினை எழுப்புவீர்களா என்று கேட்டேன். தூசு படிந்துவிடும் என்றார். நாங்கள் ஓட்டியபோது தொல்லை, இவர் ஓட்டாமல் வைத்திருந்தால் பாரம்பரியமாம்! அவர் இன்னொன்றும் சொன்னார். புகைக்காக லண்டனுக்குள் வரும் பழைய வாகனங்களிடம் காசு வாங்குகிறார்கள் அல்லவா, நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு அது கிடையாதாம். துப்புரவு வேலைக்குப் போகிறவரின் பழைய டீசல் வானுக்கு மன்னிப்பில்லை. கயிறு கட்டிய காருக்கு மன்னிப்பு. எங்கள் காரும் இருந்திருந்தால் மன்னித்திருப்பார்கள். அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

போன வெள்ளிக்கிழமை மகளின் காருக்குப் பூசை. அதே விம்பிள்டன், அதே பிள்ளையார். குணம் அண்ணை இப்போது கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். தலை முழுக்க வெள்ளை, முழங்காலுக்குப் பட்டி. நாங்கள் தேசிக்காய் வைப்பதைக் கண்டு கிட்ட வந்து நின்றார். இந்த முறை தூரமாகப் போக எனக்கு இடமில்லை.

மகள் காரை எடுத்தாள். சத்தமே இல்லை. அந்த அமைதிக்குள் கேட்டது: சதக், சதக், பிறகு பின்னால் இரண்டு.

"கேட்டியோ?" என்றார் அண்ணை.

"என்ன அண்ணை?"

"தேசிக்காய் நசியிற சத்தம். எங்கடை காரிலை அது ஒருநாளும் கேக்கேல்லை."

எங்கடை கார் என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. வீதியோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கொப்பி, லெமன், ஃபுல் லெமன், எஞ்சினுக்கும் நல்லது என்று சொன்னது, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"லெமன் எண்டால் என்னெண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "அமெரிக்கன் பெடியளோடை ஒன்பது வருசம் இருந்தனான். நீ முதல்நாள் எழுதேக்கையே தெரியும்."

"அப்ப ஏன் விட்டனீங்கள்?"

"நாவூறு படாமல் கிடக்கட்டும் எண்டு."

தவமிருந்து பெற்ற பிள்ளைக்குக் குப்பை என்று பெயர் வைப்பார்களே, யாருடைய கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று, அப்படி வைத்திருக்கிறார். கண் படாமல் இருக்க வைத்த பெயரே காரைக் கொண்டுபோயிருக்கிறது.

"அந்தப் பேராலை நான்தான் காரைப் பறிகுடுத்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்," என்றார். "உன்னட்டை எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப சால்வேஜ்?"

"அது எனக்கும் தெரியாது."

உங்களிடம் மறைப்பானேன், எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடம்! என்னைக் கூப்பிட்டு ஒரு நாள் திட்டியிருந்தால் இரண்டு பேரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றாக இருந்திருப்போம். அந்தப் பாலத்து வளைவு இப்போது கோப்பிக் கடை. அந்தக் கொப்பி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவும் போன பிறகு, நாவூறாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மகளிடம் போய்விட்டார்.

"பிள்ளை, இதிலை ஏதோ சத்தம் வருமாம். ஒருக்காப் போடு பாப்பம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திரையைத் தட்டினாள், அந்தப் பொய்ச் சத்தம் எழும்பியது. அண்ணை பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். முன்னால் ஸ்டியரிங் இல்லை. இருந்தாலும் கைகள் இரண்டும் அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போயின. பட்டி கட்டிய காலைக் கம்பளத்தில் ஊன்றினார். எனக்குரிய வலப்பக்கத்தில் மகள் இருந்தாள்.

"வருதோ?" என்றார்.

மகளுக்கு விளங்கவில்லை. "வாட், அங்கிள்?" என்றாள்.

நான் வெளியே நின்று, வலப்பக்கக் கண்ணாடிக்குக் குனிந்து, வீதியைப் பார்த்தேன்.

"ஒண்டும் வரேல்லை அண்ணை," என்றேன். "எடுங்கோ."